உப்புக்காற்றில் அடங்கிப்போன கிராமபோன்: ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பு

கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் காந்தம், கம்பிச் சுருள், வால்வு என்று எதுவுமே கிடையாது என்பதைத் திறந்து பார்க்கும்போதுதான் மனசு நம்புகிறது. ஒரு முள், ஒரு மெல்லிய தகடு, தகட்டுக்குப் பின்னால் ஒரு குழாய். இசைத்தட்டில் உள்ள கோட்டின் நெளிவில் முள் ஆடுகிறது. முள் ஆட்டத்தில் தகடு அதிர்கிறது. குழாய்க்குள் இருக்கிற காற்று அந்த அதிர்வை வாங்கி வெளியே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே இந்த மெஷினில் சத்தம் செத்துப்போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, காற்று எங்கே கசிகிறது என்பதுதான். நம் கடற்கரையில் அந்தக் கேள்விக்கு நாலைந்து பதில்கள் ஒரே பெட்டியில் கிடைக்கும்.

இந்தப் பெட்டி கீழக்கரையில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பாய்க்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். தலைமன்னாரிலிருந்து கப்பலில் தனுஷ்கோடி வந்து, அங்கிருந்து ரயிலேறி ஊர் வருகிற வழி 1914-இல் தொடங்கி 1964 டிசம்பர் புயல் வரை இருந்தது. அந்த வழியில் வந்த சாமான்களில் இதுவும் ஒன்று. கையில் தூக்கிப் போகிற சூட்கேஸ் வகை. மேலே கறுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி, பக்கத்தில் சாவி போடுகிற துளை. கம்பெனிப் பெயர்ப் பட்டை உதிர்ந்துவிட்டிருந்தது.

"தம்பி, சாவி கொடுத்தா சுத்துது. ஆனா கொசு பாடுற மாதிரிதான் கேக்குது. நடுவுல தொக்கு தொக்குன்னு வேற இடிக்குது. வாப்பா இருக்கும்போது தெருக்கோடி வரைக்கும் கேக்கும்," என்றார் பாய்.

அவர் சொன்னதில் இரண்டு தனித்தனி நோய்கள் இருந்தன. இடிப்பது மோட்டார். கொசுச் சத்தம், முள்ளும் தகடும் இருக்கிற சவுண்ட் பாக்ஸ். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. பழைய மெஷினைக் கையில் எடுப்பவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு எது எதனால் என்று தெரியாமல் திணறுவார்கள். நான் மோட்டாரை முழுக்க முடித்துவிட்டுத்தான் சவுண்ட் பாக்ஸ் பக்கம் போனேன்.

மோட்டார் என்று சொன்னாலும் அது கடிகார வேலைதான். ஒரு டிரம்முக்குள் பல அடி நீளமுள்ள எஃகு ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது. சாவி கொடுத்தால் நடு அச்சில் இறுகுகிறது. விரியும்போது பற்சக்கரங்கள் வழியாகத் தட்டைச் சுற்றுகிறது. எடிசன் 1877-இல் செய்த முதல் போனோகிராபில் இதெல்லாம் இல்லை. வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையைக் கையால் சுற்ற வேண்டும். பேசும்போது சுற்றிய அதே வேகத்தில் கேட்கும்போதும் சுற்றினால்தான் குரல் குரலாக இருக்கும். எமில் பெர்லினர் உருளையை விட்டுவிட்டுத் தட்டையான தட்டுக்கு மாறி 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய ஆரம்ப மெஷின்களும் கையால் சுற்றுபவைதான். பாட்டுக்கு அது ஒத்துவராது. அமெரிக்காவில் கேம்டன் ஊரில் மெஷின் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1896-இல் பெர்லினருக்காக ஸ்பிரிங் மோட்டார் செய்து கொடுத்த பிறகுதான் கிராமபோன் வீட்டுச் சாமான் ஆனது. அதே ஜான்சன்தான் 1901-இல் விக்டர் கம்பெனியைத் தொடங்கியவர். இந்த வரலாற்றில் பெர்லினருக்குக் கிடைக்கிற பேரில் பாதியாவது ஜான்சனுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஸ்பிரிங் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் தட்டை ஓடவிட்டு முறுக்கை முழுக்க இறக்கிவிட வேண்டும். முறுக்கு மிச்சம் இருக்கும்போது டிரம்மைக் கழற்றினால் விரல் போகும். முறுக்கே இல்லாவிட்டாலும் டிரம்முக்குள் ஸ்பிரிங் விரியத் துடித்துக்கொண்டுதான் கிடக்கும். தடித்த கையுறை போட்டு, டிரம்மைக் கோணிச் சாக்குக்குள் வைத்து, நடு முனையை இடுக்கியால் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக வெளியே விட்டேன். இதில் அவசரமே கூடாது.

வெளியே வந்த ஸ்பிரிங்கைப் பார்த்ததும் இடிப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது. போட்ட கிரீஸ் இறுகிக் கறுப்புப் பிசினாகியிருந்தது. சுற்றும் சுற்றும் ஒட்டிக்கொண்டு, இழுவை தாங்காமல் திடீரென்று விடுபடும்போது வருவதுதான் அந்தத் 'தொக்கு'. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டுத் துணியால் வழித்து எடுத்தேன். வெளிச்சுற்றில் துரு பிடித்திருந்தது, ஆனால் ஆழம் இல்லை. வழவழப்பான உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் போய்விட்டது.

கவலை வேறு இடத்தில் இருந்தது. ஸ்பிரிங்கின் வெளிமுனையில் ஒரு துளை உண்டு. டிரம் சுவரில் இருக்கிற கொக்கி அதில்தான் மாட்டும். அந்தத் துளையின் ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல். அப்படியே போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் முழு முறுக்கில் கிழிந்திருக்கும். ராமநாதபுரத்தில் போட் இன்ஜின் வேலை செய்கிற ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்பிரிங் எஃகில் நேராகத் துளை போட முடியாது, பிட் மழுங்கிவிடும். முனையில் ஓர் அங்குலத்தை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் செருகி மெல்ல ஆறவிட்டால் அந்த இடம் மட்டும் இளகும். சூடு மேலே ஏறாமலிருக்க அடுத்த பகுதியில் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும். விரிசல் விழுந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துளை போட்டோம். துளையின் ஓரங்களை அரத்தால் உருட்டிவிட்டோம், ஏனென்றால் கூர்மையான ஓரத்தில்தான் அடுத்த விரிசல் ஆரம்பிக்கும். நீளத்தில் போனது கொஞ்சம்தான். ஒரு பக்கம் ஓடி முடிக்கத் தேவையான முறுக்கு தாராளமாக இருக்கிறது.

கிராபைட் பொடியை வாஸலினில் குழைத்துப் பூசி, ஸ்பிரிங்கைத் திரும்ப உள்ளே சுருட்டினேன்.

அடுத்தது கவர்னர். மோட்டாரில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இது. மெல்லிய அச்சு, அதைச் சுற்றி மூன்று வில்தகடுகள், ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஓர் ஈயக் குண்டு. வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விலகும். விலகும்போது அச்சில் உள்ள வட்டத் தகட்டை இழுக்கும். தகடு போய் ஒரு சின்னத் தோல் துண்டில் உரசும், வேகம் இறங்கும். இறங்கினால் உரசல் விடும். பாட்டு முழுக்க இது நடந்துகொண்டே இருக்கும். மேலே தெரிகிற வேக முள்ளை நகர்த்தினால், நாம் உண்மையில் நகர்த்துவது அந்தத் தோலைத்தான். பாயின் பெட்டியில் அந்தத் தோல் காய்ந்து மரக்கட்டையாகியிருந்தது. புதுத் தோல் வெட்டிப் போட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் கீச்சுச் சத்தம் நின்றது.

வேகத்தை இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் சுருதி. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினாலே பாடுபவர் அரைக்கட்டை மேலே போய்விடுவார். கையால் பார்க்கச் சுலபமான வழி, தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி எண்ணுவது. நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் பத்து விநாடிக்குப் பதின்மூன்று. இன்னும் துல்லியமாகப் பார்க்க, 77 கறுப்புக் கோடு போட்ட வட்டக் காகிதத்தைத் தட்டின் மேல் வைத்துக் குண்டு பல்பு அல்லது பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். வேகம் 77.92-க்கு வந்ததும் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இந்த வித்தை நடக்காது. பழைய தட்டுகள் எல்லாமே 78-இல் பதிந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரப் பதிவு வருவதற்கு முந்தையவற்றில் 70 சொச்சத்திலிருந்து 80-க்கு மேல் வரை உண்டு. அவற்றுக்குக் காதுதான் அளவுகோல்.

இனி சவுண்ட் பாக்ஸ். உள்ளங்கையில் அடங்குகிற வட்டப் பெட்டி. முன்னால் தகடு, கீழே முள் மாட்டுகிற கை. இதிலுள்ள தகடு மைக்கா, நம் ஊரில் காக்காப்பொன் என்பார்களே அதுதான். வெளிச்சத்தில் பிடித்தால் தேநீர் நிறத்தில் மினுங்குகிறது. ஓரத்தில் ஏடு பிரியவில்லை, விரிசலும் இல்லை. அது பெரிய அதிர்ஷ்டம்.

இந்தத் தகட்டுக்கு எடிசனைவிட வயது அதிகம். பாரிஸில் எட்வார்ட்-லியோன் ஸ்காட் என்ற அச்சகக்காரர் 1857-இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பேசினால் ஒரு சவ்வு அதிரும், அதில் ஒட்டிய பன்றி மயிர் விளக்குக் கரி பூசிய காகிதத்தில் நெளிநெளியாகக் கோடு போடும். சத்தத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. திரும்பக் கேட்கலாம் என்பது அந்தக் கருவியின் வேலையே இல்லை. அவர் 1860-இல் எழுதி வைத்த கோட்டைக் கணினியில் படித்து ஒலியாக மாற்றியது 2008-இல். எடிசன் செய்த பெரிய காரியம், எழுதிய அதே பள்ளத்தில் முள்ளைத் திரும்ப ஓடவிட்டால் தகடு திரும்பப் பேசும் என்று காட்டியது.

எடிசனின் முள் பள்ளத்துக்குள் மேலும் கீழுமாகப் போகும். பெர்லினருடையது இடமும் வலமுமாக ஆடும். பாயின் பெட்டியில் சவுண்ட் பாக்ஸ் தட்டுக்குச் செங்குத்தாக நிற்பது அதனால்தான். தகட்டின் முகம் பக்கவாட்டில் பார்க்கிறது. முள் வலப்பக்கம் போனால் கையின் மேல்முனை மைக்காவை இடப்பக்கம் தள்ளும். கையின் நடுவில் இரண்டு கூர் ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. ஏற்றப்பலகை போல, கீழே சின்ன ஆட்டம், மேலே பெரிய ஆட்டம்.

மைக்கா உலோகத்தைத் தொடவே கூடாது. இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவில் அது மிதக்க வேண்டும். பழைய வளையங்கள் பழுப்பேறி, கல்லாகி, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தன. கொசுச் சத்தத்துக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். ரப்பர் கல்லானால் தகடு ஓரத்தில் பூட்டிக்கொள்ளும், தாழ்ந்த ஒலிகள் அத்தனையும் போய்விடும். உடைந்த இடத்தில் காற்றும் கசியும்.

மாற்று நம் சைக்கிள் கடையிலேயே இருக்கிறது. பழைய வகைச் சைக்கிள் டியூப்பில் போடுகிற வால்டியூப். அந்தத் தடிமன் இந்தப் பெட்டிக்குச் சரியாகப் பொருந்தியது. வட்டத்தின் அளவுக்குச் சாய்க்காமல் நேராக வெட்ட வேண்டும், இரண்டு முனைகளும் இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும். இழுத்துப் பிடித்து வைக்கக் கூடாது, இழுத்தால் பிறகு சுருங்கி வாய் திறக்கும். சில வருடங்களில் இதுவும் இறுகும், மறுபடி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். சிலிகான் குழாய் கிடைத்தால் இன்னும் நீடிக்கும்.

கை மைக்காவின் நடுவில் ஒரு குட்டி ஸ்க்ரூவால் பிடிபட்டிருக்கிறது. அந்தத் துளை வழியாகவும் காற்று போகும். அங்கே ஒரு சொட்டு தேன்மெழுகை உருக்கி விட்டேன். அதற்குமுன் கூர் ஸ்க்ரூக்களைச் சரிசெய்தேன். இந்த வேலைதான் முழுச் சவுண்ட் பாக்ஸிலும் நுணுக்கமானது. இறுக்கினால் கை அசையாது, தளர்த்தினால் 'கிர்ர்' என்று உதறும். ஸ்க்ரூவைப் பூட்டும்போது கை மைக்காவை எந்தப் பக்கமும் தள்ளாமல், தானாக அதன் நடுவில் வந்து நிற்க வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க, முள்ளின் நுனியை விரல் ரேகையில் மெல்ல இழுத்தேன். பின்துளையில் காதை வைத்தால் ரேகையின் ஒவ்வொரு வரியும் கரகரவென்று கேட்டது.

சவுண்ட் பாக்ஸின் முதுகு துத்தநாகக் கலவை வார்ப்பு. கலவையில் ஈயம் போன்ற கசடு கொஞ்சம் இருந்தாலே, ஈரப்பதம் படப்பட உலோகத்தின் மணிகளுக்கு நடுவில் அரிப்பு ஏறி, வார்ப்பு உப்பி, நொறுங்கும். உலகம் முழுக்க அந்தக் காலச் சாமான்களுக்கு வருகிற வியாதி இது, கடலோரத்தில் சீக்கிரம் வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கீழக்கரையில் இரும்பு ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உரியும். இதில் கழுத்தைச் சுற்றி ஒரு விரிசல்தான். பற்றவைக்க முடியாத உலோகம் என்பதால் எம்-சீலை மெல்லியதாகத் திரித்து உள்பக்கமாக அடைத்தேன். சவுண்ட் பாக்ஸைத் தாங்குகிற குழாய்க் கையான டோன் ஆர்மில் அது மாட்டுகிற இடத்து ரப்பரும் கல்லாகியிருந்தது. அதற்கு லாரி டியூப்பில் வளையம் வெட்டிப் போட்டேன்.

மிச்சக் கசிவைக் கண்டுபிடிக்கச் சாம்பிராணி. பாய் வீட்டில் அது எப்போதும் இருக்கும். சவுண்ட் பாக்ஸைக் கழற்றிவிட்டு, டோன் ஆர்ம் வாயில் ரப்பர் குழாய் வைத்துப் புகையை உள்ளே ஊதினேன். பெட்டிக் குழாயின் அகன்ற வாய் வழியாக மட்டும் வர வேண்டிய புகை, டோன் ஆர்மின் அடி மூட்டிலிருந்தும், பெட்டிக்குள் தகரக் குழாய் மரப்பலகையோடு சேருகிற இடத்திலிருந்தும் மெல்லிய இழையாகக் கிளம்பியது. மூட்டில் கெட்டி கிரீஸ். பலகையில் பழைய பசை விட்டுப்போயிருந்தது, சுரண்டிவிட்டு மரப்பசையில் துணிப்பட்டை நனைத்து ஒட்டினேன். மறுநாள் ஊதியபோது புகை ஒழுங்காக ஒரே வாயில் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பளபளக்கும் பித்தளைப் புனலோடு 'பழங்காலக் கிராமபோன்' என்று இப்போது விற்பவற்றில் பெரும்பாலானவை அலங்காரத்துக்குப் புதிதாகக் கூட்டியவை. மூட்டுகளில் காற்று நிற்காது, முள்ளின் கோணமும் சரியிருக்காது, நல்ல தட்டைக் கொன்றுவிடும். வீட்டில் இருக்கிற அழுக்குப் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டு அதை வாங்காதீர்கள்.

தட்டுகள் ஒரு கட்டு இருந்தன. நாடகப் பாட்டுகள், இஸ்லாமியப் பாடல்கள், கொஞ்சம் இந்திப் படப் பாட்டு. நாய் மார்க், கொலம்பியா, ஓடியன். ஓடியன் லேபிளைப் பார்த்தால் எனக்கு ஊர்ப்பாசம் வரும். 1930-களின் தொடக்கத்தில் அந்தத் தட்டுகளைச் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் வெளியிட்டவர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன். காரைக்குடி அப்போது ராமநாதபுரம் மாவட்டம்தான்.

தட்டின் மேல் வெள்ளைப் பூஞ்சை. ஸ்பிரிட்டால் துடைத்தால் தட்டே கரைந்துவிடும், ஏனென்றால் அது அரக்கு. இலந்தை, புரசு மரங்களில் பூச்சி கட்டுகிற அதே அரக்கோடு கல்பொடியும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தியது. இரண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் மெல்லிய பிரஷால் கோட்டின் போக்கிலேயே தேய்த்து, லேபிள் நனையாமல் கழுவி நிழலில் நிறுத்திக் காயவைத்தேன்.

கல்பொடி கலந்ததற்குக் காரணம் இருக்கிறது. சவுண்ட் பாக்ஸின் கனம் நூறு கிராமுக்கு மேல், அத்தனையும் ஒரு முள்நுனியில் இறங்குகிறது. தேயப்போவது தட்டா முள்ளா என்றால், முள் தேயட்டும் என்று செய்த ஏற்பாடு இது. முதல் சில சுற்றுகளில் தட்டு முள்ளை அரைத்துத் தன் கோட்டுக்கு ஏற்ற வடிவமாக்கிக்கொள்ளும். பாட்டு முடிவதற்குள் நுனி தட்டையாகி ஓரம் உளிபோல் ஆகிவிடும். அதே முள்ளை அடுத்த தட்டில் வைத்தால் அது கோட்டைச் செதுக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு முள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

முதலில் போட்டது கே.பி. சுந்தராம்பாள். முள் இறங்கியதும் கொஞ்சம் இரைச்சல், பிறகு ஆர்மோனியம், அப்புறம் அந்தக் குரல். முன்கட்டு முழுக்க நிறைந்தது. பின்கட்டிலிருந்து பாயின் மருமகள் வந்து, "மாமா, ரேடியோவா?" என்று கேட்டார். மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம், அதாவது இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலி, மங்கலாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. பழைய வளையம் இருந்தபோது அது துளிகூடக் கேட்டிருக்காது.

அந்தத் தொப்பி தட்டில் ஏறியதே 1925-இல் வந்த மாற்றத்தால். அதற்குமுன் பதிவும் இதே பெட்டியைத் திருப்பிப் போட்ட கதைதான். பாடுபவர் ஒரு புனலுக்குள் பாட, தகடு அதிர்ந்து மெழுகில் கோடு வெட்டும். ஏறத்தாழ 250-லிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிபடும். கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிந்தது அப்படித்தான். பாட்டு முடிவில் அவர் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று சொல்லுவார். மெழுகு ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாக வர வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. 1908-இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்துவிட்டது. 1925-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தன. வெட்டுகிற முள்ளை மின்சாரம் ஆட்டியது, எல்லை ஏறத்தாழ 100-லிருந்து 5,000 வரை விரிந்தது. ஆகவே பாயின் பெட்டியில் கேட்பது மின்சாரத்தில் எழுதி, காற்றில் படித்த பாட்டு.

பாயிடம் சொல்லியிருப்பது இவ்வளவுதான். கேட்டு முடித்ததும் ஸ்பிரிங்கை ஓடவிட்டு இறக்கிவிட வேண்டும். மாதம் ஒரு தடவையாவது சாவி கொடுத்து ஓட்ட வேண்டும். தட்டுகளைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். முட்களை மூடி இறுக்கமான டப்பாவில் போட வேண்டும், திறந்து வைத்தால் கடல்காற்றில் ஒரு வாரத்தில் துரு ஏறும். மூடியின் கீல் மட்டும் பாக்கி. ஒன்று இற்றுப்போய்விட்டது. அதே அளவில் பித்தளைக் கீலுக்கு மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன்.